வண்ணத்துக்கு முன்னே

கண்ணைக் கவர்வது வண்ணம். உருவத்தைத் திரளச் செய்வதோ ஒளியும் நிழலும். இதை உணர்ந்த ஐரோப்பிய ஓவியர் பலர், வண்ணம் தொடுமுன் படம் முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டிக்கொண்டனர். சாம்பல் நிறத்தில் அவ்வாறு தீட்டுவதைப் பிரெஞ்சு மொழியில் ‘கிரிசாய்’ என்பர். இத்தாலியப் பழம் ஓவியர் முகங்களுக்குக் கீழே பச்சை மண்ணைப் பூசினர். மேலிருந்த செம்மை மங்கிய படங்களில் அப்பச்சை இன்றும் தெரிகிறது.

படமெழுதுதல் நாம் கற்ற கலையன்று; அரபு இலக்கணம் போதிப்பதே நம் பணி. எனினும், ஓவியம் பயிலும் பழைய மாணவரொருவர் கொணர்ந்த நூலில் லியொனார்டோவின் ‘ஜெரோம்’ படத்தைக் கண்டு நெடுநேரம் கண்ணெடுக்காதிருந்தோம். 1480-ஐ ஒட்டித் தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்ற அப்பலகை இன்று வத்திக்கானில் உள்ளது. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த அம்முதியவரின் ஒட்டிய கன்னமும் கழுத்தெலும்பும் பழுப்பு நிழலாலேயே திரண்டு நிற்கின்றன. எதிரேயுள்ள சிங்கமோ வெறும் கோடு. கோடு, ‘இது சிங்கம்’ என்று சொல்கிறது. நிழல்தான் உடலுக்குக் கனம் தருகிறது.

முறை இதுவே: பழுப்பு மண்ணை எண்ணெயில் குழைத்து நிழலை மெலிதாகப் பரப்புவர், ஒளிபடுமிடத்தில் வெள்ளையைச் சற்றுத் தடிப்பாக வைப்பர். ஓர் உருண்டைக்கே ஒளி, இடைநிறம், நிழல், தரையிலிருந்து மீளும் மெல்லொளி, தரையில் விழும் நிழல் என ஐந்தும் வேண்டும். அடித்தளம் உலர்ந்தபின், கண்ணாடிபோல் ஊடுருவத்தக்க வண்ணங்களை மேலே பூசுவர். ஒளி அவற்றினூடே சென்று, அடித்தளத்தைத் தொட்டு மீளும்.

சென்ற மாதம் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், எட்டு மாதமாக மகன் ‘நஸர, யன்ஸுரு’ என்றே ஒப்பிக்கிறான், ஒரு வரிக்கும் பொருள் சொல்லத் தெரியவில்லை. கடையிலாவது உதவியாக இருக்கட்டும், அழைத்துப் போகிறேன்” என்றார். நாம் அப்படத்தை அவர்முன் விரித்தோம்.

“சிங்கம் அரைகுறையாக இருக்கிறதே!” என்றார்.

“ஆம். பிள்ளையும் இப்போது அந்நிலையில்தான் இருக்கிறான். இன்னும் நிழல் ஏறவில்லை. கோட்டோடு கொண்டுபோனால் கோடாகவே நின்றுவிடுவான்” என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “ஷஃபான் விடுமுறை வரை இருக்கட்டும்” என்று சொல்லி எழுந்தார். மறுநாள் காலை பையன் வழக்கம்போல் வந்தமர்ந்து வாய்பாட்டைத் தொடங்கினான்.