மூன்று கண்ணும் நான்கு கண்ணும்

சித்தப்பா காலமான மறு மாதம் சித்தி என்னிடம் ஒரு கப்பலை ஒப்படைத்தாள். ஒரு கை நீளமுள்ள மரக் கப்பல். மூன்று பாய்மரங்களும் நின்றன. கயிறு கட்டும் வேலைதான் பாதியில் நின்றிருந்தது. கூடவே ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் அவர் இழைத்து வைத்த சில்லறைச் சாமான்கள்.

"கப்பலை வச்சுக் கதை எழுதினவன்தானே நீ? முடிச்சுக் குடு" என்றாள்.

எழுதினவன்தான். 'மாலுமிகள் கயிறுகளை இழுத்தார்கள்' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனவன். எந்தக் கயிறு, அதை எதில் கட்டினார்கள் என்று ஒரு வாசகரும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் டப்பா கேட்டது.

கப்பலின் அடியில் பென்சிலால் 'கட்டி சார்க்' என்று எழுதியிருந்தார். 1869-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில், சீனத் தேயிலை ஏற்றி வரக் கட்டிய கப்பல் அது. 2007-இல் தீப்பிடித்தும் பிழைத்து, இன்றும் லண்டன் கிரீனிச்சில் கரையேறி நிற்கிறது. நல்ல வேளை, படங்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் சாமான்களை உருவம் பார்த்துப் பிரித்தேன். உருண்டையெல்லாம் ஒரு கிண்ணம், நீளமெல்லாம் ஒரு கிண்ணம். மிளகைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கட்டைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் தேங்காய்க்கு இருப்பதுபோல மூன்று கண். பொம்மைச் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. கப்பல் எங்கே சட்டை போடுகிறது?

படத்தில் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாய்மரம் சாயாமல் பிடித்திருக்கும் கனத்த வடத்தின் நுனியில் ஒரு கட்டை. நேர் கீழே, கப்பலின் ஓரத்தில் இன்னொன்று. இரண்டின் கண்களிலும் ஒரு சிறு கயிறு மேலும் கீழுமாக ஓடுகிறது. வடம் தளர்ந்தால் அந்தச் சிறு கயிற்றை இறுக்கினால் போதும். கப்பியின் வேலைதான், ஆனால் சுழலும் உருளை கிடையாது. ஆங்கில மாலுமி அதற்கு வைத்த பெயர் 'டெட் ஐ'. செத்த கண்!

அன்றிலிருந்து உருவத்தை விட்டேன். எந்தச் சாமானை எடுத்தாலும், 'உன்னிடம் வந்து முடிகிற கயிறு எது? நீ தாங்குகிற பாரம் என்ன?' என்று கேட்டேன். பதில் வர ஆரம்பித்தது. பல் குத்தும் குச்சி என்று நினைத்தவை கயிறு சுற்றும் முளைகள். முளையை உருவினால் சுற்றிய கயிறு நொடியில் விடுபடும். இரண்டு குட்டை உத்தரங்கள், நங்கூரம் கப்பலின் உடம்பில் இடிக்காமல் தள்ளித் தொங்குவதற்கு. குப்பையில் போட இருந்த ஒரு பிடி நரை நூல், குதிரை வால்! முகப்பில் கை நீட்டி நிற்கும் பெண், ராபர்ட் பர்ன்ஸின் கவிதையில் வரும் சூனியக்காரி. குதிரைக்காரனைத் துரத்துகிறாள்; கையோடு வந்தது வால் மட்டும். அவள் போட்டிருந்த குட்டைச் சட்டைக்குத்தான் அந்த ஊர்ப் பேச்சில் 'கட்டி சார்க்' என்று பெயர். கப்பலும் சட்டை போடத்தான் செய்கிறது! வாலை அவள் கையில் செருகினேன்.

கடைசியில் ஒரே ஒரு சாமான் மிஞ்சியது. வெள்ளை வட்டம், கண் மூன்றல்ல, நான்கு. இரண்டு வாரம் படங்களைத் துழாவினேன். எந்தக் கயிறும் அதனிடம் வந்து முடியவில்லை. ஏதோ துவாரத்தின் மூடி என்று முடிவு கட்டிப் பசையையும் எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சித்தி வந்தாள்.

"இது ஒண்ணுதான் என்னன்னு தெரியலே, சித்தி."

வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"நீலக் கட்டம் போட்ட சட்டையிலே ரெண்டாவது பொத்தான்டா. தைச்சுக் குடு, தைச்சுக் குடுன்னு ஒரு வாரம் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டையோடதான் போனார்."

முந்தானை நுனியில் அதை முடிந்துகொண்டாள். கப்பலை எடுத்துப் போகச் சொன்னேன்.

"அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.