ரிச்சி தெருவில் வீடியோ மெக்கானிக்குகள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெரு வழியாக ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. நான் ஒதுங்கி நின்றது உதிரிபாகம் விற்கும் ஒரு சின்னக் கடை. கவுன்டரில் நீளும் கைகளில் பாதி செல்போனை நீட்டுகின்றன. திரையில் பாதியில் நிறுத்திய வீடியோ.

"அண்ணே, இதுல காட்டுற கெபாசிட்டர் இருக்கா?"

கடைக்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. "வீடியோவ விடு தம்பி, பழச எடுத்துட்டு வந்தியா?"

கல்லூரிப் பையன். பையிலிருந்து டிவியின் பவர் போர்டை எடுத்து வைத்தான். தலை உப்பிய ஒரு கெபாசிட்டர்: 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். கடைக்காரர் 25 வோல்ட் ஒன்றைக் கொடுத்தார். பையன் தயங்கினான், வீடியோவில் 16 என்றுதான் சொன்னார்களாம். வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது. மைக்ரோஃபாரட் மட்டும் அதேதான் வேண்டும் என்றார். 85 டிகிரி என்று அச்சிட்டதைத் தள்ளிவிட்டு 105 டிகிரி உள்ளதைத் தேடி எடுத்தார். சூட்டில் அதுதான் தாங்கும்.

பிறகு போர்டின் மூலையிலிருந்த பெரிய கெபாசிட்டரைத் தொட்டுக் காட்டினார். "கழட்டும்போது இதுல கரண்ட் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாத்தியா?" பையன் விழித்தான்.

எனக்கு அங்கேதான் பகீரென்றது. நம் வீட்டு 230 வோல்ட் அந்தக் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாகச் சேர்ந்து நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போகாது; செத்த போர்டில் அதை இழுத்துச் செலவழிக்க ஆளில்லை என்பதால் இன்னும் நெடுநேரம் கிடக்கும். லூயி ராஸ்மன் மேக்புக் போர்டுகளைச் சரிசெய்யும் வீடியோக்களை நானும் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கை வைப்பது பெரும்பாலும் இருபது வோல்ட்டுக்குள் ஓடும் போர்டு. அந்தத் தைரியத்தோடு டிவியைத் திறக்கக் கூடாது.

இதற்காக வீடியோக்களைக் குறைசொல்ல மாட்டேன். "போர்டு போச்சு சார், புதுசுதான் மாத்தணும்" என்ற வாக்கியத்தை எதிர்க்கேள்வி இல்லாமல் நாம் கேட்டுக்கொண்ட காலம் அவற்றால்தான் மலையேறியது. பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் கேட்டு வாங்கினார். இன்னொருவர், சத்தம் வந்து படம் வராத டிவியில் டார்ச் அடித்துப் பார்த்தாராம். மங்கலாகப் படம் தெரிந்ததால் பேக்லைட் பட்டைதான் போயிருக்கிறது என்று தானே முடிவுகட்டி வந்திருந்தார். வரிசையில் ஒரு எல்இடி போனாலே பட்டை முழுதும் இருண்டுவிடும். அவர் கணிப்பு சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஈயம் பற்றவைக்க வீடியோ சொல்லித் தரும், பழகினால் கை வந்துவிடும். எது பழுது என்று கண்டுபிடிக்கும் பகுதியைத்தான் பலரும் ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சால்டரிங் அயர்னுக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ரிச்சி தெருவுக்குப் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.