'இழப்பீடு' என்ற ஒரு சொல்: கொல்கத்தாவின் அகதிகளும் அரசமைப்புச் சட்டமும்

தெற்குக் கொல்கத்தாவின் பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் ஆகியவை இன்று நெரிசல் மிக்க நகர்ப்பகுதிகள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர், பிறர் நிலங்களிலும் போர்க்காலத்தில் ராணுவம் விட்டுச்சென்ற முகாம்களிலும் தாமாகவே குடியேறி உருவாக்கிய இடங்கள் அவை. 'ஜபர்தகல்' காலனிகள் என்று வங்காளிகள் அவற்றைச் சொல்வர். வலிந்து கைக்கொண்டவை என்று பொருள்.

அகதிகளைக் குடியமர்த்த அரசும் நிலம் தேடியது. 1948-இல் மேற்கு வங்க நில மேம்பாடு மற்றும் திட்டமிடல் சட்டம் வந்தது. எடுக்கப்படும் நிலத்துக்கு, அது எப்போது எடுக்கப்பட்டாலும், 1946 டிசம்பர் 31 அன்றிருந்த சந்தை விலைக்கு மேல் தர வேண்டியதில்லை என்றது அச்சட்டம். உடைமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். கல்கத்தா உயர் நீதிமன்றம் அவ்வரம்பைச் செல்லாதென்றது. 1953 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டக் கல்லூரிகளில் 'பேலா பானர்ஜி வழக்கு' என்றே இது படிக்கப்படுகிறது. தீர்ப்பெழுதியவர், சென்னையிலிருந்து சென்ற தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. 31ஆம் உறுப்பில் உள்ள 'இழப்பீடு' என்பது இழந்ததற்கு நிகரான நியாயமான ஈடு என்றார் அவர்.

போர் முடிந்ததிலிருந்து கொல்கத்தாவைச் சுற்றி நிலவிலை பெருமளவு ஏறியதைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. அவ்வேற்றமும் உடைமையாளருக்கே சேர வேண்டும் என்கிறது. விலையை உயர்த்தியது உடைமையாளரின் உழைப்பன்று. வீடிழந்து வந்தோரின் அவலம். அவர்களுக்கு நிலம் தர முனைந்த அரசு, அவர்கள் வந்ததனாலேயே கூடுதல் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. தர்க்கத்தில் குறையில்லை, காலவரம்பற்ற ஒரு சட்டம் என்றென்றும் 1946-இன் விலையையே தரும் என்பதும் முறையன்று. ஆனால் அந்த ஏற்றம் யாருடையது என்ற கேள்விக்குத் தீர்ப்பில் இடமில்லை.

நாடாளுமன்றம் 1955-இல் நான்காம் திருத்தத்தைக் கொணர்ந்தது. இழப்பீடு போதாதென்று நீதிமன்றத்தில் கேட்க இயலாதென்றாயிற்று. மேற்கு வங்கச் சட்டமும் ஒன்பதாம் அட்டவணையில் இருபதாம் இனமாகச் சேர்ந்து பாதுகாப்புப் பெற்றது. நம் பாடநூல்கள் இவ்விடத்தில் கதையை முடித்து, அரசமைப்பின் நெகிழ்வுக்குச் சான்றாக அதைக் காட்டும். கதை முடியவில்லை என்பதே சுவையானது. திருத்தியோர் 'இழப்பீடு' என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தனர். நகர வீட்டுவசதிக்கு நிலம் எடுக்கச் சென்னை மாநிலம் 1961-இல் இயற்றிய சட்டம் வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பேலா பானர்ஜி வழக்கில் தரப்பட்ட பொருளை அறிந்தே நாடாளுமன்றம் அச்சொல்லை வைத்துக்கொண்டது. ஆகவே பழைய பொருளே நீடிக்கும் என்றார் நீதிபதி சுப்பா ராவ்.

வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கிலும் அச்சொல் குறுக்கிட்டது. 1971-இல் இருபத்தைந்தாம் திருத்தம் அதை நீக்கிவிட்டுத் 'தொகை' என்று எழுதியது. திருத்தும் அதிகாரத்துக்கே எல்லை வகுத்த 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பும் இந்தச் சொல்மாற்றத்தை ஏற்றது. நாற்பத்துநான்காம் திருத்தம் 1978-இல் 31ஆம் உறுப்பையே அகற்றியது. எஞ்சியது 300அ: சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறித்தல் ஆகாது. 'இழப்பீடு' அதில் இல்லை.

இதனால் இழந்தோர் பெருநிலக்கிழார் மட்டும் அல்லர். தொழிற்சாலைக்காக எடுக்கப்பட்ட ஏறத்தாழ 997 ஏக்கர் சிங்கூர் நிலம் 2016-இல் உழவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குக் கைகொடுத்ததோ 1894-இன் காலனியச் சட்டம். அச்சட்டம் கோரிய ஆட்சேப விசாரணை முறையாக நடைபெறவில்லை என்பதில் இரு நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். அரசமைப்பின் சொத்துரிமை உறுதியாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டு வழக்காடியிருக்க நேருமா என்பது தனி விவாதம்.

2024 மே 16 அன்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கொன்றில் தீர்ப்பு வந்தது. நார்க்கேல்டாங்காவில் பூங்காவுக்கென ஒரு மனையை மாநகராட்சி எடுத்திருந்தது. தன் சட்டத்தின் 352ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது என்றது. தரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 300அ-வுக்குள் ஏழு துணை உரிமைகள் உறைவதாகவும் அது வகுத்துரைத்தது. அவற்றுள் ஒன்று, நியாயமான இழப்பீடு.