விலாசத்தில் இருந்த ஊர்

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களில் மூன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான். அப்பாவின் பெயர், அடுத்த வரியில் வெள்ளாங்குளம், அதன் கீழே மன்னார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மூன்றாவது வரியைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊரை நெடுங்காலம் பார்த்ததில்லை.

வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வடக்கு ஓரம். ஊரைத் தாண்டினால் முழங்காவில், அது கிளிநொச்சி மாவட்டம். எங்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, கலியாணச் சேலை எல்லாமே வடக்குப் பக்கம்தான். தெற்கே போகும் வீதி மன்னாருக்குத்தான் போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பட்டினத்துக்கும் எங்களுக்கும் நடுவில் போர் எல்லை கிடந்தது. 2002 சமாதானத்தின்போது அப்பா உயிலங்குளம் சோதனைச் சாவடி வழியாக ஒரு தடவை கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்வந்தார். திரும்பி வந்து, "கோட்டை இருக்குது, கழுதை நிறைய இருக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு 2008 வந்தது. ஜூலையில் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும், ஓகஸ்ட் 2 அன்று வெள்ளாங்குளமும் இராணுவத்தின் கைக்குப் போயின. நாங்கள் அதற்கு முன்பே பாயும் பானையுமாகக் கிழக்கே கிளம்பிவிட்டோம். திரும்பி வந்தபோது அப்பாவும் இல்லை, அண்ணாவும் இல்லை.

மீள்குடியேறிய பிறகு எத்தனையோ தடவை மன்னாருக்குப் போயிருக்கிறேன். எல்லாம் அலுவல் பயணம். பஸ் நிலையம், கச்சேரி, வரிசை, மறுபடி பஸ் நிலையம். பட்டினத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருநாளும் போகவில்லை. இந்தத் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போனேன். வழிகாட்டி யாரையும் தேடவில்லை. கொப்பித் தாள் ஒன்றில் நானே ஒரு கோடு வரைந்தேன்: பாலத்தடி, கோட்டை, சதொச வளவு, மூர் வீதி, பேராலயம், பள்ளிமுனைப் பெருக்கமரம். பாலத்தடியிலிருந்து மரம் வரைக்கும் மூன்று கிலோமீற்றர்கூட வராது. யாரும் ஒரு காலை நேரத்தில் நடந்துவிடலாம். ஒன்பது மணிக்கு முன் தொடங்க வேண்டும், குடையும் தண்ணீரும் வேண்டும். இந்தத் தீவில் உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும்.

காலை முதல் பஸ். பள்ளமடு, விடத்தல்தீவு, பாப்பாமோட்டை என்று ஒவ்வொரு பெயராக மகள் வாசித்துக்கொண்டு வந்தாள். திருக்கேதீச்சரத்தின் பக்கம் வரும்போது நான் சொன்னேன்: பழைய மாந்தைத் துறைமுகம் இங்கேதான் இருந்தது, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கோயில் இது, போர்த்துக்கேயர் இடித்த பிறகு காடு மூடிக் கிடந்ததை மறுபடி கட்ட வேண்டும் என்று 1872 இல் ஆறுமுக நாவலர் எழுப்பிய குரலோடுதான் இன்றைய கோயிலின் கதை தொடங்குகிறது என்று. பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கும். தள்ளாடி தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்தது. அவள் ஜன்னலோடு ஒட்டிவிட்டாள். பூநாரைகள். தூரத்தில் வெள்ளையாய், யாரோ கடலோரத்தில் துணி காயப்போட்டதுபோல நின்றன. வங்காலைச் சரணாலயத்தின் இந்தச் சேற்றுநிலம் 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதே 2010 இல்தான் இந்தப் புதிய பாலமும் திறக்கப்பட்டது. பழைய பாலத்தை 1990 இல் போர் தின்றது.

"கோட்டையடியில இறக்கி விடுங்க அண்ணை" என்றேன். பஸ் நிலையம் இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்பதுபோல நடத்துநர் பார்த்தார், ஆனால் மணி அடித்தார்.

கோட்டைக்குள் போகுமுன் பாலத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். அது அம்மாவுக்காக. அம்மாவின் ஆட்கள் மலையகத்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர்களுடைய பூட்டன்மார் 19 ஆம் நூற்றாண்டில் இராமேசுவரப் பக்கமிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியாக அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் ஒரு நினைவு நடை நடந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, போக முடியவில்லை. தலைமன்னாரில் அவர்கள் புறப்பட்டதை போனில் பார்த்துக்கொண்டிருந்தா. "நானும் ஒரு மைலாவது நடந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னா.

கோட்டை நான் நினைத்ததைவிடச் சின்னது. நாற்சதுரம், நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றிலும் அகழி. உள்ளே கூரையில்லாத சுவர்கள், தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தின் எலும்புக்கூடு, அதற்குள் புல். சுவரில் கைவைத்தால் முருகைக்கல்லின் பொந்துகள் தெரிகின்றன, கடலடியில் பூவாக இருந்த கல். மகள் ஒரு பொந்துக்குள் விரலை விட்டு, "இது உயிரோட இருந்ததா அம்மா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கோட்டைக்கு நான்கு ஆண்டுகள்தான் உண்டு: 1560 இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தனர், 1696 இல் திருத்திக் கட்டினர், 1795 இல் ஆங்கிலேயரிடம் போனது. ஏன் 1560 என்று பாடம் சொல்லாது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1544 இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். ஏறக்குறைய 600 பேர் என்பது திருச்சபையின் நினைவு. பட்டிம் என்று அந்த இடத்துக்குப் பெயர், தோட்டவெளி வேதசாட்சிகள் ஆலயம் அவர்களுக்காகத்தான். கோவாவிலிருந்து படையோடு வந்த கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா யாழ்ப்பாணத்தைத் தக்கவைக்க முடியாமல் மன்னாரில் கோட்டை போட்டான். புன்னைக்காயலிலிருந்து பரவர்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். முத்துக் குளிப்பவர்கள் கோட்டைப் பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பது கோட்டைக்கு இலாபம். 1578 இல் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அன்றிக்கே அடிகளார் அந்த மக்களோடு மன்னாரிலும் இருந்தவர். ஆக, வாளோடு வந்தவர்களும் தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்தவர்களும் ஒரே வாசலால் நுழைந்திருக்கிறார்கள். எனக்கு இந்த அகழியைப் பார்த்தபோது கோபமும் நன்றியும் ஒன்றாக வந்தன. அப்படித்தான் வந்தன, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்தால் கழுதைகள். அப்பா சொன்ன கழுதைகள். வீதியின் நடுவில் இரண்டு நின்றன, வான்கள் ஒதுங்கிப் போயின. மகள் ஒன்றின் நெற்றியைத் தடவினாள், அது கண்ணை மூடிக்கொண்டது.

அங்கிருந்து பட்டினத்துக்குள் கால்மணி நேர நடைகூட இல்லை. நுழையும் இடத்திலேயே அரசாங்கக் கடையான சதொசவின் வளவு. என் தாளில் இதை நான் கடைசி நேரத்தில்தான் சேர்த்தேன். 2018 மார்ச்சில் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. மாதக்கணக்காகத் தோண்டி, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை எடுத்தார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். நீதிமன்றப் பார்வையில் வேலை நடந்தபோது, காணாமல்போனவர்களின் தாய்மார் வேலியோரத்தில் வந்து வந்து நின்றார்கள். அம்மாவும் இரண்டு தடவை போய் நின்றா. ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். 2019 மார்ச்சில் கார்பன் பரிசோதனையின் முடிவு வந்தது: 1404 முதல் 1635 வரையான காலத்தவை. அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. மகன் அங்கே இல்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அது ஆறுதலாக இல்லை. ஆறு எலும்பை வைத்து முந்நூறு பேருக்கும் பதில் சொல்ல முடியுமா என்று அம்மா கேட்டா. அந்தக் கேள்வியை அம்மா மட்டும் கேட்கவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் எனக்கு வேறொன்று பட்டது. அந்த 1404 க்கும் 1635 க்கும் நடுவில்தான் 1544 இருக்கிறது, 1560 இருக்கிறது. அறிக்கை சரியென்றே வைத்துக்கொண்டாலும் அந்த எலும்புகளும் யாரோ ஒருத்தியின் பிள்ளைகள்தான். யார் என்று அவர்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டால் அது தொல்லியல் ஆகிவிடும் என்று ஆறுதல்பட எனக்கு மனம் வரவில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பக்கத்தில் பேசாமல் நின்றாள். காணாமல்போன அவள் மாமாவின் படம் எங்கள் சாமியறையில் இல்லை, முன்சுவரில்தான் தொங்குகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு கடையில் பிளேன்ரீயும் ரோல்ஸும். பிறகு மூர் வீதி. பள்ளிவாசல் பக்கம், வெள்ளைத் தொப்பிப் பிள்ளைகள், அடுத்தடுத்து துணிக்கடைகள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தத் தீவின் குடும்பங்கள் தோணிகளில் ஏறிக் கற்பிட்டிக்குப் போயின. எங்கள் ஊருக்கு விடத்தல்தீவிலிருந்து சைக்கிளில் சீத்தைத் துணி கொண்டுவரும் ஒரு மாமா இருந்தார். எனக்கு எட்டு வயது. அவர் வராமல் போனதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்குப் பெரியவர்கள் "இனி வரமாட்டார்" என்றார்கள். அந்தப் பதிலை நான் பல வருடங்கள் கேள்வி கேட்காமல் வைத்திருந்தேன். அது எங்கள் பெயரால் நடந்த அநியாயம், என் பிள்ளைக்கு அதை அந்த வீதியில் வைத்தே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். ஒரு கடையில் அவளுக்கு நீலச் சட்டைத்துணி இரண்டு மீற்றர் வாங்கினேன்.

செபஸ்தியார் பேராலயத்துக்குள் நல்ல குளிர்ச்சி. கத்தோலிக்கர் இல்லாத நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தோம். 1992 முதல் 2016 வரை இந்த மறைமாவட்டத்தின் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் அவர் ஒரு கழித்தல் கணக்கு வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் இத்தனை, 2009 மே மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் இத்தனை, மிச்சம் 146,679 பேர், அவர்கள் எங்கே? என் அண்ணா அந்த எண்ணுக்குள் ஒன்று. எங்களுக்காக ஒருவர் ஒற்றை இலக்கம்வரை எண்ணியிருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. 2021 ஏப்ரல் 1 அன்று ஆயர் மறைந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றினோம்.

பள்ளிமுனைக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெருக்கமரம் வீதியோரத்திலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. மரம் என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். சாம்பல் நிற யானைகள் நாலைந்து முதுகோடு முதுகாக நிற்பதுபோல இருக்கிறது. சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர் மட்டும். உயரத்தைவிட இடுப்புத்தான் பெரிது. அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து விதை கொண்டுவந்து 1477 இல் நட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு சரியானால் கோட்டைக்கு 83 வயது மூத்தது. பட்டிமில் வெட்டு விழுந்த நாளில் இது வளர்ந்த மரம்.

மகள் தொட்டுக்கொண்டே அடியெண்ணிச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டு முற்றத்தில் கருவாடு கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"எங்கயிருந்து வாறியள் பிள்ளை?"

"வெள்ளாங்குளம் அம்மா."

"அது கிளிநொச்சிப் பக்கமெல்லோ?"

நான் வாய் திறக்குமுன் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது: "இல்லை அம்மம்மா, மன்னார்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டு உள்ளே போய், அவித்த பனங்கிழங்கு நாலைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தா. மரத்தடியில் இருந்து தும்பு உரித்துத் தின்றோம். முப்பத்தொன்பது அடி வந்தது என்றாள் மகள், தன் அடியில்.