பனியன் கம்பெனிகளின் சிஸ்டங்களுக்கு ஒலி சேர்ப்பவர்கள்

நெட்வொர்க் வழியே ஆளில்லாமல் விண்டோஸ் ஏற்றும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒலி அட்டையின் டிரைவர். நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லையென்றால் நிறுவல் பாதியிலேயே நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலருக்கு இல்லையென்றால் நீலத் திரை வந்துவிடும். ஒலிக்கு இல்லையென்றால் எதுவுமே நிற்காது. சிஸ்டம் எழும்பும், டாலி திறக்கும், பில் அச்சாகும். மறுநாள் மெர்ச்சண்டைசர் பையரோடு வீடியோவில் பேச உட்கார்ந்த பிறகுதான் சர்வீஸ் கடைக்கு போன் வரும்: "அண்ணா, சவுண்டே வரலீங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் கீழ்த்தளத்தில் பவர் டேபிள்களும் ஓவர்லாக்கும் செக்கிங் மேசைகளும், மாடியில் மெர்ச்சண்டைசிங், பேட்டர்ன், கணக்குப் பிரிவுகளும் இருக்கும். மாடியில் இருக்கும் சிஸ்டங்களில் பல, பெருநகர அலுவலகங்கள் கழித்துவிட்டு லாட்டாக விற்றவை. 2020 ஊரடங்கில் ஃபிட் சாம்பிளைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் பேச்சு வீடியோவுக்கு மாறியபோது, அதுவரை யாரும் பொருட்படுத்தாத மைக்கும் ஹெட்செட்டும் அவசியமாயின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில் பயிற்சி வீடியோ காட்டவும் ஒலி வேண்டும்.

சிஸ்டங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையைச் செய்பவர்கள் சிஸ்டம் சர்வீஸ் இளைஞர்கள். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று கணக்குப் பிரிவு சிஸ்டத்தைத் தொட முடியாது. தையல் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுடைய நாள். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியே ஓஎஸ் போட ஒரு ஞாயிறு போதாது. அதனால்தான் நெட்வொர்க் நிறுவல்.

இம்முறையை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 சர்வரில் ரிமோட் இன்ஸ்டலேஷன் சர்வீசஸ் என்ற பெயரில் தந்தது. சிஸ்டத்தைத் தொடங்கி எஃப் 12 விசையை அழுத்தினால், பிஎக்ஸ்இ முறைப்படி நெட்வொர்க் கார்டே டிஎச்சிபி சர்வரிடம் முகவரி வாங்கி, சர்வரிலிருந்து தொடக்கக் கோப்பை இறக்கிக்கொள்ளும். அதன்பின் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் சிஃப் என்ற விடைக்கோப்பு பதில் சொல்லும்.

ஒலி டிரைவரைச் சேர்க்கும் இடமும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. சர்வரில் விண்டோஸ் கோப்புகள் உள்ள ஐ386 ஃபோல்டருக்குள் அல்ல, அதற்குப் பக்கத்தில், இருபுறமும் டாலர் குறியிட்ட ஓஇஎம் ஃபோல்டரை உருவாக்க வேண்டியிருந்தது. அதனுள் டாலர் 1 என்ற ஃபோல்டரில் வைப்பதெல்லாம் புதிய சிஸ்டத்தின் சி டிரைவுக்குப் போய்ச் சேரும். அங்கே டிரைவர்ஸ், அதனுள் ஆடியோ என்று சிறிய பெயர்களில் ஃபோல்டர்கள் வைத்து, விடைக்கோப்பில் ஓஇஎம் ப்ரீஇன்ஸ்டால் வரிக்கு 'ஆம்' என்றும், ஓஇஎம் பிஎன்பி டிரைவர்ஸ் பாத் வரியில் அந்தப் பாதையையும் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் சி டிரைவின் பெயர் வரக்கூடாது. செட்டப் கோப்பாக வரும் டிரைவரைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் போன்ற கோப்புகளை வைக்க வேண்டியிருந்தது. கையொப்பமில்லாத டிரைவர் என்றால் திரையில் ஒரு எச்சரிக்கை தோன்றி, யாராவது அழுத்தும்வரை நிறுவல் காத்துக் கிடக்கும். அதைத் தவிர்க்க டிரைவர் சைனிங் பாலிசி வரியும் தேவைப்பட்டது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒலி வராத சிஸ்டங்கள் இருந்தன. அங்கேதான் இந்தத் தொழிலின் நுட்பம். 1997-இல் வந்த ஏசி 97 வகை ஒலிக்கு ஒரே டிரைவர் போதும். 2004-இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஆடியோ இரண்டு அடுக்காக இயங்குவது: முதலில் போர்டில் உள்ள கன்ட்ரோலர், அதன் பின்னால் ரியல்டெக் போன்ற கோடெக் சிப். கன்ட்ரோலருக்கான பஸ் டிரைவர் ஏறினால்தான் கோடெக் என்று ஒன்று இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவரும். விண்டோஸ் எக்ஸ்பி வெளியானபோது அந்த பஸ் டிரைவர் அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் பின்னர் கேபி 888111 என்ற திருத்தமாகத் தந்தது. அதைச் சேர்க்காமல் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை வைத்தாலும் பயனில்லாமல் போனது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிதான் மிஞ்சியது.

எந்த டிரைவர் முதலில் ஏற வேண்டும் என்ற வரிசையை அறிய வன்பொருள் அடையாள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். அடையாளம் பிசிஐ என்று தொடங்கி, வகை எண் 0403 என்றிருந்தால் அது எச்டி ஆடியோ கன்ட்ரோலர். 0401 என்றால் பழைய வகை. தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். எச்டிஆடியோ என்று தொடங்கும் அடையாளம் கோடெக்குக்கு உரியது. அது தெரிகிறதென்றாலே பஸ் டிரைவர் ஏறிவிட்டது என்று பொருள். லாட்டில் வரும் சிஸ்டங்களில் ஒரே மாடல் பெயருக்குள் வேறு வேறு போர்டுகள் இருப்பதுண்டு. அனுபவமுள்ள டெக்னீஷியன் மாடல் பெயரை நம்புவதில்லை. அடையாள எண்களையும், எந்தப் பதிப்பு டிரைவர் எதற்கு ஒத்துப்போனது என்பதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். கடையின் உண்மையான மூலதனம் அந்த நோட்டுதான். புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியதும் அதைப் படிப்பதுதான்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. பழைய நிறுவல் சேவையின் இடத்துக்கு அதற்கு முன்பே விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் வந்துவிட்டது. இப்போது விம் என்ற பிம்பக் கோப்புக்குள் டிஸ்ம் கட்டளையால் டிரைவரை நேரடியாகச் சேர்க்கலாம். கருவி மாறினாலும் அடுக்குகளின் கணக்கு மாறவில்லை. அண்மைக்கால லேப்டாப்கள் பலவற்றில் இன்டெலின் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் முதலில் ஏற வேண்டும். அதன் பின்னரே ரியல்டெக் கண்ணில் படும். டிசிஎச் வகை டிரைவர்கள் அடிப்படைப் பகுதி, நீட்டிப்புப் பகுதி என்று பல ஐஎன்எஃப் கோப்புகளாகப் பிரிந்திருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் ஸ்பீக்கர் பேசும், மைக் பேசாது என்பது போன்ற அரைகுறை நிலை வரலாம்.

லினக்ஸில் இந்தப் பாடு குறைவு. 2.6 கர்னல் முதல் அல்சா என்ற ஒலி அமைப்பு உள்ளேயே இருக்கிறது. புது லேப்டாப்களுக்கு மட்டும் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவல் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

நிறுவல் முடிந்ததும் சோதனை. மஞ்சள் குறி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பின்பக்க ஜாக், முன்பக்க ஜாக், மைக் மூன்றிலும் ஹெட்செட்டைச் செருகிப் பேசிப் பதிவுசெய்து கேட்க வேண்டும். முன்பக்க ஜாக் மட்டும் ஊமையாக இருந்தால், கேபினெட்டின் வயர் ஏசி 97 வகையா எச்டி வகையா என்று பார்த்து, பயாஸில் அதற்கேற்ப மாற்றுவார்கள். அதுவும் சரியென்றால் மிச்சம் பஞ்சு. துணி வெட்டும் ஊரில் ஜாக்கின் உள்ளேயும் ஃபேனிலும் அது சேர்ந்துகொண்டே இருக்கும். எந்த டிரைவராலும் அதை நீக்க முடியாது. புளோயரால் ஊதி, ஜாக்கைத் துடைத்து, மறுபடி ஒருமுறை பேசிப் பார்த்த பிறகே சிஸ்டத்தை மூடுகிறார்கள்.