1839-ல் பிறந்த ரெண்டு பேரும், அப்பாவோட நோட்டும்

எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் மாசக் கணக்கு முடிப்பு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிப்போச்சு. இன்னைக்கு எழுதப்போறது ஒரு ரஷ்யக்காரரைப் பத்தி. 'நாகர்கோவில்காரனுக்கு ரஷ்யா என்னத்துக்குடே' என்று கேட்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சுத்திச் சுத்தி வடிவீஸ்வரத்துக்கே வந்து சேர்ந்துருவேன்.

பெங்களூரில் இருக்கிற மகன் போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு இசைத்துண்டு அனுப்பியிருந்தான். "அப்பா, கண்ணை மூடிட்டுக் கேளுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க." கேட்டேன். பியானோவில் கீழ் ஸ்தாயியில் தொம்... தொம்... என்று கனமான அடி. அதுக்கு மேலே சோகமா ஒரு மெட்டு. "பாரம் ஏத்தின மாட்டுவண்டி மாதிரி இருக்கு மக்கா" என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது பதில்: "யாரு சொன்னா உங்களுக்கு? அது மாட்டுவண்டியேதான்!"

யாரும் சொல்லலை. சின்ன வயசில் கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு வைக்கோல் ஏத்திக்கிட்டு பறக்கை ரோட்டில் வண்டி வருமே, அந்தச் சக்கரச் சத்தம் காதுக்குள்ளேயே கிடக்கு. அவ்வளவுதான். (ஞானமெல்லாம் ஒண்ணும் கிடையாது. சரளி வரிசையைத் தாண்டாத ஆள் நான் :-))

அதை எழுதினவர் மொடெஸ்ட் முசோர்க்ஸ்கி. 1839-ல் ரஷ்யாவில் கரேவோ என்ற கிராமத்தில் பிறந்தவர். நிலபுலன் உள்ள குடும்பம். 1861-ல் பண்ணையடிமை முறையை ஒழிச்ச பிறகு வருமானம் போச்சு. பட்டாளத்து வேலையை 1858-லேயே விட்டிருந்தார். 1863-ல் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாச் சேர்ந்தார். பகலில் ஃபைல், மத்த நேரத்தில் இசை. முறையா இசைக் கல்லூரியில் படிச்சவர் இல்லை. ஜெர்மனி, இத்தாலி பாணியைக் காப்பியடிக்காம ரஷ்ய மண்ணிலிருந்து இசை வரணும் என்று சொன்ன ஐந்து பேர் கூட்டத்தில் இவரும் ஒருத்தர்.

இவர் புதுசா என்ன செஞ்சார் என்றால், மனுஷன் பேசுகிற ஏற்ற இறக்கத்தை அப்படியே மெட்டாக்கினார். குடியானவன் புலம்பினால் எப்படி இழுப்பான், குழந்தை அடம்பிடிச்சால் எப்படிக் கத்தும், அதுதான் அவருக்குப் பாட்டு. 'போரிஸ் கோதுனோவ்' என்ற அவருடைய இசை நாடகத்தை முதலில் அரசாங்க அரங்கில் ஏத்துக்கலை. பெரிய பெண் பாத்திரம் இல்லை என்பது ஒரு காரணம். திருத்தி எழுதி, 1874-ல்தான் மேடை ஏறினது. அதே வருஷம்தான் அந்த மாட்டுவண்டியும். செத்துப்போன ஓவிய நண்பர் ஹார்ட்மன்னின் படங்களுக்குக் கண்காட்சி வச்சாங்க. அதைப் பார்த்த இவர் 'கண்காட்சிச் சித்திரங்கள்' என்று பியானோவுக்கு ஒரு தொகுப்பே எழுதிட்டார்.

குடி அவரைச் சாப்பிட்டுடுச்சு. 1880-ல் வேலையும் போச்சு. 1881 மார்ச்சில் ராணுவ ஆஸ்பத்திரியில் 42 வயசில் இறந்தார். சாவுக்குச் சில நாள் முந்தி ஓவியர் ரெப்பின் அவரை வரைஞ்சிருக்கார். கலைஞ்ச தலை, சிவந்த மூக்கு. பார்த்தால் ரெண்டு நாள் தூக்கம் வராது.

இனிதான் விஷயமே இருக்கு. அவர் செத்த பிறகு அவருடைய எழுத்தையெல்லாம் எடுத்து ஒழுங்குபண்ணினவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ். யாரோ எவரோ இல்லை. 1871-72-ல் ரெண்டு பேரும் ஒரே அறையில் குடியிருந்தவங்க, ஒரே பியானோ. மத்தியானம் வரைக்கும் முசோர்க்ஸ்கி, அவர் ஆபீஸ் போனதும் ரிம்ஸ்கி. அப்படிப்பட்ட சிநேகிதர்தான் 'இது இலக்கணப்பிழை, இது சுருதிப் பொருத்தம் இல்லை' என்று நண்பனுடைய முரட்டு இடங்களையெல்லாம் வழவழன்னு ஆக்கினார்.

அந்த மாட்டுவண்டியையே எடுத்துக்கோங்க. முசோர்க்ஸ்கி எழுதினதில் எடுத்த எடுப்பிலேயே வண்டி முழுச் சத்தத்தோடு நம்ம நெஞ்சு மேல ஏறும். ரிம்ஸ்கி பதிப்பில் தூரத்திலிருந்து மெதுவாகத் தொடங்கி, கிட்ட வந்து பெருசாகும். 1922-ல் ராவேல் முழு வாத்தியக் குழுவுக்கு மாத்தினபோது அவருக்குக் கிடைச்சதும் அந்தப் பதிப்புதான். உலகம் பூரா அந்தத் தூரத்து வண்டியே ஓடினது. கேட்க அழகாத்தான் இருக்கு, இல்லை என்று சொல்லலை. ஆனா அது வேற வண்டி.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தில் என்னமோ செஞ்சுது. காரணம் எங்க அப்பா.

அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். சாயங்காலமானால் ஹார்மோனியம். அவருக்குத் தெய்வம் என்றால் தாணுமாலயன், அதுக்கு அடுத்தபடி நீலகண்ட சிவன். நம்ம வடிவீஸ்வரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்து நீலகண்டசாமி கோயிலோடு ஒட்டி வளர்ந்த மகான். பாட்டில் வைக்கிற முத்திரையும் 'நீலகண்ட'தான். நான் அந்தக் கோயிலுக்குச் சிவராத்திரி சிவாலய ஓட்டத்தில் ஓடிப்போனதோடு சரி. அப்பா அங்கே போனால் நடையிலேயே உட்கார்ந்து முகாரியில் 'என்றைக்கு சிவகிருபை' பாடுவார். முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடி ஊரெல்லாம் தெரிஞ்ச பாட்டு. 'இது நம்மூருக்காரன் அழுத அழுகைடே' என்பார்.

சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் கீர்த்தனை பாடினால்தான் மதிப்பு என்றிருந்த திருவிதாங்கூரில் தமிழில் பாடினவர் சிவன். தமிழிசை இயக்கமெல்லாம் 1940-களில் வந்த சமாச்சாரம். இவர் இறந்தது 1900-ல். திருவனந்தபுரத்தில் இவருடைய பஜனையைக் கேட்டு வளர்ந்த சின்னப் பையன்தான் பின்னாடி பாபநாசம் சிவன். அந்த வித்து இங்கேயிருந்துதான் போயிருக்கு. நீலகண்ட சிவன் பிறந்த வருஷம் தெரியுமா? 1839! முசோர்க்ஸ்கி பிறந்த அதே வருஷம். ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட வழியே இல்லை. ஆனா ரெண்டு பேரும் தன் பாஷையிலேயேதான் அழுதிருக்காங்க.

அப்பாவும் பாட்டு எழுதினார். நாப்பது பக்க நோட்டில் பென்சிலால், 23 பாட்டு. எல்லாம் தாணுமாலயன் மேல. வீட்டு ஆளுகிட்ட பேசுகிற மாதிரி இருக்கும். 'பைய வா' என்பார், 'அங்கன நில்லு' என்பார். சில இடத்தில் தாளம் இடறும், அதுவும் உண்மை.

2009-ல் அப்பா போனார். முதல் திவசத்துக்கு அதைச் சின்னப் புத்தகமாப் போட ஆசைப்பட்டு, சங்கீதம் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட நோட்டைக் கொடுத்து "தப்பிருந்தா திருத்திக் குடுங்கோ" என்றேன். நானேதான் கேட்டேன். அவரும் பிரியத்தோடுதான் செஞ்சார், பைசா வாங்கலை. நோட்டு மேலேயே சிவப்பு மையில் திருத்தினார். சில இடத்தில் பென்சிலை ரப்பரால் அழிச்சிட்டு எழுதினார். 'பைய' எல்லாம் 'மெல்ல' ஆச்சு. 'அங்கன', 'அங்கே' ஆச்சு. தாளம் சரியாச்சு. புத்தகம் வந்தது, எல்லாரும் நல்லாருக்கு என்றாங்க. எனக்கும் பெருமை. அம்மா மட்டும் புத்தகத்தை வாங்கி மடியில் வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. அதைக் கவனிக்கிற புத்தி அப்போ எனக்கு இல்லை.

ரிம்ஸ்கி ஒரு நல்ல காரியம் செஞ்சார். மூலக் கையெழுத்துப் பிரதிகள் நூலகத்தில் பத்திரமா இருந்தது. பிற்காலத்தில் யாருக்காவது திருத்தாதது வேணுமென்றால் போட்டுக்கலாம் என்று தன் சுயசரிதையிலேயே எழுதினார். 1928-ல் பாவெல் லாம் என்பவர் 'போரிஸ்' நாடகத்தை முசோர்க்ஸ்கி எழுதினபடியே பதிப்பிச்சார். நான் அந்த நகலைக்கூட எடுத்து வைக்கலையே!

போன வாரம் பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். ஆபரேஷன் முடிஞ்சு அம்மாவுக்கு இப்போ எழுத்து தெரியுது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக் காட்டினேன். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் சொன்னாள்: "மெல்லயா? அவரு பையன்னுதான் பாடுவாரு, கேட்டியா. மெல்லன்னு அவரு வாயில வந்ததே கெடையாது." சொல்லிட்டுப் பாடியே காட்டினாள். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை.

எண்ணிப் பார்த்தால் 'பைய'யும் 'மெல்ல'யும் தாளத்துக்கு ஒரே அளவுதான். மாத்தியிருக்கவே வேண்டாம்.

தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா பாட, நான் போனில் பதிஞ்சு எழுதிக்கிறேன். இதுவரைக்கும் 19 பாட்டு பழையபடி வந்திருக்கு. மீதி நாலு அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை, ரப்பர் போட்ட இடம் எனக்கும் தெரியலை. அந்த நாலையும் சிவப்பு மையில் உள்ளபடியே வச்சுக்க வேண்டியதுதான். தாளம் இடறுகிற இடத்தை இந்தத் தடவை தொடப்போறதில்லை.

பி.கு.: வீட்டில் அப்பா, தாத்தா எழுதின நோட்டு எதுவும் இருந்தால், யார்கிட்ட கொடுக்கும் முன்னாலேயும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருங்க. பெரிய செலவு ஒண்ணும் ஆகாது.