ஒரு கோன் சாய்ந்தால் இரண்டு விநாடி!

கோவையில் போத்தனூரைத் தாண்டி செட்டிபாளையம் பக்கம் போனால் தென்னந்தோப்பு, மானாவாரிக் காடு என வழக்கமான கொங்குக் கிராமப்புறம்தான். அதற்கு நடுவே 2.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கறுப்பாக வளைந்து கிடக்கிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக். மாருதி 800 இன்ஜினை வைத்தே, புதியவர்களும் ஓட்டும்படி ‘ஃபார்முலா மாருதி’ ரேஸ் காரை உருவாக்கிய கோவைக்காரர் எஸ்.கரிவரதனின் (1954 - 1995) நினைவாக வைத்த பெயர் இது.

இங்கே நடக்கும் எல்லாப் போட்டிகளும் சீறிப் பாயும் ரகமல்ல. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, வெல்டிங் அடித்துக் கொண்டுவரும் கார்களுக்கான ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில் ‘ஆட்டோகிராஸ்’ என்றொரு சுற்று உண்டு. முட்டி மோதி முந்துவது கிடையாது. ஒவ்வொரு காரும் கடிகாரத்தோடுதான் போட்டி போடும்.

அகலமான டிராக்கின் மேலேயே பிளாஸ்டிக் கோன்களை அடுக்கி, ஒரு குறுகலான பாதையை உருவாக்குகிறார்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளின்படி, நேர்ப்பாதை 80 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாதையின் அகலம் குறைந்தது 3 மீட்டர். கொண்டை ஊசி வளைவின் வெளிவிட்டம் குறைந்தது 9 மீட்டர். பாம்பு போல நெளிந்து போக வேண்டிய ‘ஸ்லாலம்’ பகுதியில், கோன்களுக்கு இடையே ஏழரை முதல் 12 மீட்டர்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட வேண்டும். காரின் பலத்தைவிட ஓட்டுபவரின் நிதானம் தெரிய வேண்டும். அதனால்தான் ஹெல்மெட் போடுவதற்கு முன்பே, பாதை முழுக்க நடந்து பார்க்கிறார்கள். ஒரு வளைவில் நுழையும்போதே கண் அடுத்த வளைவைத் தேட வேண்டும். பக்கத்துக் கோனையே பார்த்துக்கொண்டிருந்தால், கார் அதன் மேல்தான் போய் நிற்கும்!

கோன் சாய்ந்தாலோ, தன் இடத்தைவிட்டு நகர்ந்தாலோ இரண்டு விநாடி கூடும். பாதையைவிட்டே வெளியேறினால் பத்து விநாடி. ஓர் அணிக்கு இரண்டு ஓட்டுநர்கள், ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. பல மாத உழைப்பின் பலன் ஒரு கோனில் கவிழ்ந்துவிடலாம்.

தரையும் சும்மா இருப்பதில்லை. காலைக் குளிரில் டயர் சூடேறாமல் வழுக்கும். சுற்றியுள்ள காடுகளிலிருந்து காற்று அள்ளிவரும் மண், தார் மீது மெல்லிய மாவு போலப் படியும். முதலில் ஓடும் கார் பாதையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக, பின்னால் வருபவருக்குப் பிடிமானம் கூடும். ஆனால், அந்தத் தடத்தைவிட்டு ஓரடி விலகினாலும் ஒதுங்கிக் கிடக்கும் மண்ணும் டயர்த் துணுக்குகளும் காரை இழுத்துவிடும்.

மண் தரையில் நடத்தும் ஆட்டோகிராஸில் கதையே வேறு. மேல்மண் பறந்து, கெட்டித் தரை வெளியே தெரியத் தெரிய நேரம் குறையும். பிறகு சக்கரத் தடம் பள்ளமாகி, அதே பாதை காரைத் தூக்கிப் போடும். தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும், கூடிப்போனால் சேறு. எனவே, காலையில் வென்ற வித்தை மதியம் செல்லாது.

பிள்ளைக்கு ரேஸ் ஆசை என்றாலே பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைக்கும். பைபாஸ் சாலையில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தால் எதிரே லாரி வரும். பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வரும். இங்கேயோ தப்புக் கணக்குக்குத் தண்டனை இரண்டே விநாடி. கார் கடந்ததும் ஓரத்தில் நிற்பவர் ஓடிவந்து, தரையில் போட்ட அடையாளத்துக்குள் கோனை நிமிர்த்தி வைக்கிறார். அடுத்த கார் கிளம்புகிறது!